புளியமுக்கு ரோட்டுக்கு நாலரை நட்சத்திரம்

ஆவுடைத்தாய்ச் சித்தி ரோட்டுக்கு வந்தால் மணி பன்னிரண்டே கால். தென்காசி புளியமுக்கு ரோட்டில் கடிகாரம் இல்லாத கடைகள் நாலு உண்டு. கடிகாரம் இருந்தும் ஓடாதவை அதைவிட அதிகம். யாரும் அதற்காகக் கவலைப்பட்டதில்லை. ஒரு கையில் ஆறு கேரியர் அடுக்கிய ஒயர்கூடை, மறு கையில் ஐந்து, வியர்வை துடைக்கத் தோளில் ஒரு துண்டு என்று சித்தி எங்கள் சந்திலிருந்து வெளியே வரும்போதே, பிளாஸ்டிக் கடை நயினார் அண்ணாச்சி கை கழுவ எழுந்துவிடுவார். அவர் கடையில் தொடங்கி, பஸ் நிறுத்தத்துக்கு எதிரே இருக்கும் ஜெராக்ஸ் கடை வரை பதினொரு கடைக்கு மதியச் சாப்பாடு. ஒன்பது வருடமாக நடந்தேதான் கொடுத்தாள். காலை நாலரைக்குத் தேங்காய் துருவ உட்கார்ந்தால் பதினொன்றரைக்குத்தான் அடுப்பு அணையும். செவ்வாய்க்கிழமை தேங்காய்ப்பால் சொதி. மற்ற கிழமைகளில் என்ன என்று நான் கவனித்ததில்லை. அவை செவ்வாய்க்காகக் காத்திருக்கிற நாட்கள்.

சித்தி என்றால் சொந்தமில்லை, பக்கத்து வீடு. அப்பா மஸ்கட்டில். அம்மா ஆய்க்குடியில் டீச்சர், காலை ஏழரைக்குப் பஸ் ஏறிவிடுவாள். அதனால் சனி, ஞாயிறும் நான் கல்லூரிக்கு மட்டம் போடுகிற நாட்களும், அதாவது வாரத்தில் நாலு நாள், சித்தியின் அடுக்களையில் எனக்கு ஒரு தட்டு உண்டு. சித்தப்பா இசக்கியப்பன் சீசன் மூன்று மாதமும் குற்றாலத்தில் எண்ணெய் தேய்த்துவிடுகிறவர். மற்ற மாதங்களில் வீடுகளுக்குப் பெயிண்ட் அடிப்பார். "ரெண்டுக்கும் ஒரே கைதாம்ல. செவரு நெளியாது, மனுசன் நெளிவான், அதான் வித்தியாசம்" என்பார். ஒரே மகள் ஜெயபிரியா சென்னையில் கம்ப்யூட்டர் வேலை; கல்யாணமாகி இரண்டு வருடம்.

நான் பாண்டித்துரை. சிவில் இன்ஜினியரிங் மூன்றாம் வருடம். இந்தக் கதையில் நடந்த தப்பெல்லாம் என்னுடையது என்று முதலிலேயே சொல்லிவிட்டால் கொஞ்சம் லேசாக இருக்கும் என்று நினைத்தேன். இல்லை.

ஆனி மாதம், சாரல் தொடங்கிய வாரத்தில், சென்னையிலிருந்து ஒரு கம்பெனி எங்கள் கல்லூரிக்கு வந்தது. ஊருக்குள் இருக்கும் ரோடுகளில் மனிதன் நடந்து போனால் உயிரோடு திரும்புவானா என்று மதிப்பிட வேண்டுமாம். அவர்கள் இதை இன்னும் நாகரிகமாகச் சொன்னார்கள். ஒரு மாணவனுக்கு ஒரு ரோடு, முப்பத்தொரு கேள்விகள் கொண்ட படிவம், ஆரஞ்சுக் கூட்டுக்குள் சுருண்ட முப்பது மீட்டர் டேப். ஒழுங்காகச் செய்தால் இருபது மார்க். நடைபாதையின் அகலம் என்ன, எதிரெதிரே இரண்டு பேர் வந்தால் இடிக்காமல் போகலாமா, சக்கர நாற்காலி போகுமா, இடையூறுகள் எத்தனை என்று ஒவ்வொரு கேள்வியும் ஏதோ வெளிநாட்டு ரோட்டைப் பார்த்து எழுதியது போல இருந்தது. எனக்குப் புளியமுக்கு ரோட்டையே கொடுத்தார்கள். சொந்த ரோடு.

சொந்த ரோட்டில் சொல்லாமல் போய் அளப்பது மரியாதையா? முந்தின நாள் சாயங்காலம், கல்யாணத்துக்கு அழைக்கிற மாதிரி, கடை கடையாக ஏறிச் சொன்னேன்.

"அண்ணாச்சி, நாளைக்கு பிளாட்பாரத்த அளக்க வாறேன்."

"எத்தன மணிக்குலே?" என்றார் நயினார் அண்ணாச்சி. வணிகர் சங்கத்தில் ஏதோ பொறுப்பில் இருந்ததால் எல்லாக் கேள்வியையும் கூட்டத்தில் கேட்பது போலத்தான் கேட்பார்.

"பத்து மணிக்கு."

"பதினொண்ணுக்கு வா. பீரோவ உள்ள இழுக்க ஆளு வரணும்."

எங்கள் ரோட்டுக்கு அப்படி ஒரு பழக்கம். இரண்டு வருடம் முன்பு மஞ்சளும் சிவப்புமாகக் கல் பதித்துப் போட்ட நடைபாதை அது. போட்ட மறுநாளே வாளியும் குடமும் துணிக்கடைப் பொம்மையும் புரோட்டாக் கல்லும் அதில் குடியேறின. ஆனால் யாராவது டேப்போடு வருகிறார்கள் என்று தெரிந்தால் போதும், அரை மணி நேரத்தில் எல்லாம் உள்ளே போய்விடும். விருந்தாள் வரும்போது கொடியில் கிடக்கும் துணியை எடுப்பதில்லையா, அது மாதிரி. விருந்தாள் போனதும் திரும்ப வந்துவிடும். இதில் ஏமாற்று என்று யாரும் நினைத்ததில்லை.

மறுநாள் பதினொரு மணிக்கு அந்த நடைபாதையின் நிறத்தை முதன்முதலாகப் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது. இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை அளந்தேன். அகலம் ஒன்று புள்ளி எட்டு மீட்டர். இடையில் மூன்று இடங்களில் டீ, ஓரிடத்தில் உளுந்தவடை, கடைசியில் பன்னீர் சோடா. இடையூறுகள் என்ற கட்டத்தில் 'இல்லை' என்று எழுதினேன். முப்பத்தோராவது கேள்விக்கு வந்தபோது என் முதுகுக்குப் பின்னால் வாளிகள் வெளியே வந்துகொண்டிருந்தன. சத்தம் கேட்டது. படிவத்தில் முதுகுக்குப் பின்னால் என்று ஒரு கட்டம் இல்லை.

ஐந்துக்கு நாலரை நட்சத்திரம் வந்தது.

என் வகுப்பில் அஃப்ரின் என்று ஒருத்தி. அவள் யாரிடமும் சொல்லாமல் போய் வேறொரு ரோட்டை அளந்து, நாற்பத்தாறு இடையூறுகளை வரிசையாக எழுதி, அதில் படுத்திருந்த ஒரு மாட்டையும் சேர்த்து, ஒன்றரை நட்சத்திரம் கொடுத்திருந்தாள். அவளுக்கு இருபதுக்குப் பதிமூன்று. எனக்குப் பத்தொன்பது.

"ஏன் பாண்டி, ஒன் ரோட்டுல கடையே கெடையாதா?" என்று கேட்டாள்.

"ஒழுக்கமான ரோடு" என்றேன்.

செய்தித்தாளில் உள்பக்கத்தில் நாலு வரி வந்தது. அந்த நாலு வரியை நயினார் அண்ணாச்சி ஆறடிக்கு எட்டடி ஃபிளெக்ஸாக மாற்றினார். 'நடப்போருக்குப் பாதுகாப்பான எங்கள் சாலை' என்று மேலே, கீழே நாலரை நட்சத்திரம், நடுவில் நான். என் மாமா மகள் கல்யாணத்தில் எடுத்த படம், எல்லாப் பல்லும் தெரிகிற மாதிரி. இரும்புச் சட்டத்தில் அடித்து, விளக்குக் கம்பத்தோடு சேர்த்துக் கட்டி, தன் கடைக்கு முன்னால் நிறுத்தினார். நடைபாதையில் இடமில்லை, அங்கே வாளிகள் இருந்தன. அதனால் சட்டத்தின் முன்கால் இரண்டும் ரோட்டில் இறங்கி நின்றன. அதுவரை வாளிக்கும் வண்டிக்கும் நடுவில் ஜனங்கள் நடக்க ஒரு ஒன்றரை அடி ஓரம் இருந்தது. அதில்தான் நான் நின்றேன்.

அந்தச் செவ்வாய்க்கிழமை நான் கல்லூரிக்குப் போகவில்லை. என் படத்தைப் பார்க்கப் போனேன்.

ஆடி பிறந்திருந்தது. செங்கோட்டைக் கணவாய்க் காற்று வெயிலையும் தூறலையும் ஒன்றாகக் கொண்டுவந்து கொட்டிக்கொண்டிருந்தது. எதிர்ப்பக்கம் நின்று போனில் படம் எடுக்கப் பார்த்தேன். ஒரு பஸ் மறைத்தது. பிறகு ஒரு ஆட்டோ. மூன்றாவது தடவை திரையில் நான் முழுசாகத் தெரிந்தேன், எடுத்துவிட்டேன். எடுத்த பிறகுதான் படத்தின் ஓரத்தில் இரண்டு கூடையோடு சித்தி இருப்பதைப் பார்த்தேன். தலையைத் தூக்கிப் பார்ப்பதற்குள் கேரியர்கள் ரோட்டில் உருளுகிற சத்தம் வந்துவிட்டது.

அருவிக்குப் போகிற வெளியூர்ப் பையன்கள் மூன்று பேர், ஒரே பைக்கில். கண்ணாடி சித்தியின் முழங்கையில் பட்டு, சித்தி வலது கையை ஊன்றி விழுந்திருந்தாள். ஈரமான ரோட்டில் சொதி வெள்ளையாகப் பரவியது, நடுவில் முருங்கைக்காய்த் துண்டுகள். பையன்கள் அழுதுவிடுகிற மாதிரி நின்றார்கள். சித்தி அவர்களைப் பார்க்கவில்லை.

"பதினொண்ணும் கெடக்கான்னு பாருலே. ஒண்ணு பஸ்ஸுக்கடியில போச்சு."

நயினார் அண்ணாச்சி வாளிகளுக்கு மேலாகக் காலைத் தூக்கிப் போட்டுத் தண்ணீரோடு ஓடி வந்தார். நல்ல மனிதர். நிஜமாகவே பதறிப்போயிருந்தார். அந்தப் பதற்றத்தில்தான் கேட்டார்.

"எக்கா, இம்புட்டு அகலத்துக்கு பிளாட்பாரம் கெடக்கு, ரோட்டுல ஏன் எறங்குனிய?"

அவர் வேண்டுமென்று கேட்கவில்லை. நடைபாதை அங்கே இருக்கிறது என்று அவர் நம்பினார். அதன் மேல் கொஞ்சம் சாமான் இருக்கிறது, அவ்வளவுதான். சித்தி அவரைப் பார்த்தாள். வாளிகளைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"கண்ணு சரியாத் தெரியல அண்ணாச்சி. மசமசன்னு இருந்துச்சு."

கூடியிருந்தவர்கள் உச்சுக்கொட்டினார்கள். வயசாகுதுல்லா என்றார் ஒருவர். சித்திக்கு நாற்பத்தொன்பது.

மணிக்கட்டில் எலும்பு முறிவு, ஆறு வாரம் மாவுக்கட்டு. அன்று சாயங்காலமே அண்ணாச்சி ஃபிளெக்ஸைக் கழற்றிச் சுருட்டி எங்கள் வீட்டில் கொண்டுவந்து கொடுத்துவிட்டார். "சாரல்ல நனைஞ்சி பாழாயிரும்லே, பத்திரமா வையி" என்றார். கட்டிலுக்கு அடியில் வைத்தேன்.

வியாழக்கிழமை காலை ஜெயபிரியா அக்கா வந்து இறங்கினாள். வரும்போதே முடிவோடு வந்தாள்.

"எம்மா, நான் ஒண்ணு கேக்கேன், கோவப்படாத. பொங்கலுக்கு வந்தப்ப ரசத்துல ரெண்டு தடவ உப்பு போட்ட. போன மாசம் எனக்கு போன் பண்ணிட்டு எதுக்குப் பண்ணுனேன்னு என்கிட்டயே கேட்ட. இப்ப நல்லா பிளாட்பாரம் இருக்கப்ப நடு ரோட்டுல நடக்க. என்னம்மா ஆச்சு ஒனக்கு?"

"ரசம் பொங்குற நேரத்துல நீ வந்து பேசுன, அதான்."

"பேப்பர்லயே போட்டுருக்கான், இதுதான் இருக்கதுலயே நல்ல ரோடுன்னு. ஏலே பாண்டி, நீதான அளந்த?"

நான் வாசலில் நின்றிருந்தேன். "ஆமாக்கா" என்றேன். அது உண்மை. நான்தான் அளந்தேன்.

சித்தப்பா அன்று சாயங்காலம் குற்றாலத்திலிருந்து வந்தபோது ஆள் வருவதற்கு முன்னால் எண்ணெய் வாசம் வந்தது. குளித்துவிட்டு வந்து சித்தியின் பக்கத்தில் உட்கார்ந்து மாவுக்கட்டை விரலால் தட்டிப் பார்த்தார்.

"ஒரு நாளைக்கு இருவது முதுகு பிடிக்கேன். வீட்டுல ஒரு கைய கவனிக்க முடியல பாரு" என்றார். பிறகு மகளிடம், "கண்ணுதான. ஒரு கண்ணாடி போட்டா சரியாப் போகும்" என்றார்.

அதனால் வெள்ளிக்கிழமை கண் டாக்டரிடம் போனோம். ஆட்டோவில் அக்காவும் சித்தியும் பின்னால், நான் டிரைவர் பக்கத்தில். சுவரில் தமிழ் எழுத்துகள் பெரிதில் தொடங்கிச் சிறிதாகிக்கொண்டே போயின. சித்தி தெரியவில்லை என்று சொல்லத்தான் போயிருந்தாள் என்று நினைக்கிறேன். ஆனால் எட்டாம் வகுப்பு வரை படித்தவளிடம் ஒருவர் குச்சியை வைத்துக் காட்டி வாசி என்று சொன்னால் என்ன செய்வாள்? முதல் வரியை வாசித்தாள். நாலாவது வரியை வாசித்தாள். கடைசி வரியை மூச்சு விடாமல் வாசித்துவிட்டு, "அதுக்குக் கீழ அச்சகத்துப் பேரு போட்டிருக்கு, அதையும் வாசிக்கவா சார்?" என்று கேட்டாள்.

டாக்டர் சிரித்தார். "ஒங்க அம்மா கண்ணு என் கண்ண விட நல்லாருக்கு" என்று அக்காவிடம் சொன்னார்.

ஜெயபிரியா அக்கா சிரிக்கவில்லை. வெளியே வந்து ஆட்டோவில் ஏறினோம். பிறகு, சித்திக்குக் கேட்காது என்று நினைத்து, முன்னால் குனிந்து என்னிடம் சொன்னாள்.

"கண்ணு இல்லலே அப்ப. மூளைதான். சென்னைல ஸ்கேன் பாக்கணும்."

பின்சீட்டுக்கும் முன்சீட்டுக்கும் நடுவில் ஒரு முழம் தூரம். சித்திக்குக் கேட்டது. வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். பொய் சொல்லித் தப்பிக்கப் பார்த்து, வாசித்து மாட்டிக்கொண்டவள் மாதிரி இருந்தது அவள் முகம். அந்த முகம் எனக்கு நன்றாகத் தெரியும். பரீட்சை முடிந்து வெளியே வரும்போது கண்ணாடியில் பார்த்திருக்கிறேன்.

என் போனில் அந்தப் படம் இருந்தது. காட்டியிருந்தால் அந்த ஆட்டோவிலேயே விஷயம் முடிந்திருக்கும். ஆனால் அதைக் காட்ட வேண்டுமானால், சித்தி விழுந்தபோது நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்பதையும் காட்ட வேண்டும். அதனால் புத்திசாலித்தனமாக ஒரு வழி யோசித்தேன். ரோட்டைக் காட்டினால் போதும், அக்காவே புரிந்துகொள்வாள்.

சனிக்கிழமை பத்தரைக்கு, "யக்கா, வாங்க, ரோட்டக் காட்டுதேன். ஒருதடவ நடந்து பாருங்க" என்றேன். நம்ப வைக்க வேண்டுமே என்று டேப்பையும் எடுத்துக்கொண்டேன்.

டேப்பை எடுத்திருக்கக் கூடாது.

சந்திலிருந்து வெளியே கால் வைத்ததும் பூக்கடைக்காரர் என் கையில் இருந்த ஆரஞ்சுக் கூட்டைப் பார்த்தார். "ஏ, அளக்க வாறாங்க!" என்றார், பக்கத்துக் கடையைப் பார்த்து. அந்தக் குரல் எங்களுக்கு முன்னால் ஓடியது. நாங்கள் நடந்தோம், எங்களுக்குப் பத்தடி முன்னால் பொம்மைகள் இடுப்பைப் பிடித்துத் தூக்கப்பட்டு உள்ளே போயின. வாளிகள் ஒன்றுக்குள் ஒன்று விழுந்தன. புரோட்டாக் கல்லைச் சூட்டோடு இரண்டு பேர் சாக்கு சுற்றி நகர்த்தினார்கள். அக்கா தலை குனிந்து போனில் கணவனுக்கு ஏதோ அனுப்பிக்கொண்டே வந்தாள். அவள் தலையைத் தூக்கியபோது மஞ்சளும் சிவப்புமாக ரோட்டுக் கோடி வரை நடைபாதை படுத்திருந்தது.

நான் டேப்பை முதுகுக்குப் பின்னால் மறைத்தேன். அப்போது பின்னால் இருந்த கடைகளும் சுத்தமாயின.

"வாம்மா பிரியா, அம்மைக்கு எப்படி இருக்கு?" என்று ஒவ்வொரு கடையிலும் கேட்டார்கள். மனசாரக் கேட்டார்கள். "அவிய சாப்பாடு இல்லாம நாக்கே செத்துப் போச்சு. ஓட்டல்ல திங்கோம். பாவம், கண்ணு தெரியலன்னாவ." நயினார் அண்ணாச்சி நன்னாரி சர்பத் வரவழைத்தார். அக்கா ஜெராக்ஸ் கடை வரை நடந்து, திரும்பி நடந்து வந்தாள். ஒரு இடத்திலும் காலை ரோட்டில் வைக்க வேண்டியிருக்கவில்லை. அண்ணாச்சி கடை முன்னால் வந்து நின்றபோது கண் கலங்கியிருந்தது.

"இதுலயாலே எங்கம்மைக்கு நடக்கத் தெரியல?"

அண்ணாச்சி என்னைப் பார்த்தார். நான் சர்பத்தைக் குடித்தேன். ஐஸ் நிறையப் போட்டிருந்தார்கள்.

அன்றைக்கே ஞாயிறு சாயங்காலம் சென்னைக்குப் போகிற பொதிகை எக்ஸ்பிரஸில் அவசரக் கட்டணத்தில் இரண்டு டிக்கெட் எடுத்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மலையில் நல்ல மழை. அருவியில் தண்ணீர் கூடி, பாதுகாப்புக்குக் கட்டிய வளைவைத் தாண்டிக் கொட்டியதால் குளிக்க விடவில்லை. குளிக்கிறவன் இல்லை என்றால் எண்ணெய்க்கும் வேலை இல்லை. சித்தப்பா பதினொரு மணிக்கே வீட்டுக்கு வந்துவிட்டார். நான் சாப்பிடப் போனேன். போகாமல் இருந்திருக்கலாம். ஆனால் போகாவிட்டால் ஏன் வரவில்லை என்று கேட்பார்கள்.

அக்கா வியாழனிலிருந்து தானே சமைத்துக்கொண்டிருந்தாள். சோறு குழைந்திருந்தது. கூடத்தில் ஒரு பெட்டி திறந்திருந்தது, அதில் சித்தியின் நாலு சேலை. சித்தி சுவரில் சாய்ந்து, கட்டுப் போட்ட கையை மடியில் குழந்தை மாதிரி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"ரெண்டு மாசம் இருந்துட்டு வரட்டும், கை கூடுனதும் வந்துருவா" என்றார் சித்தப்பா.

"ரெண்டு மாசம் இல்லப்பா. இனி அங்கதான். நீங்களும் சீசன் முடிஞ்சதும் வந்துருங்க. அடுத்த தடவ பைக்கு இல்லாம லாரியா இருந்தா என்ன செய்விய?"

"எட்டி, அங்கன போயி நான் என்ன வேல பாப்பேன்?" என்றாள் சித்தி.

"வேல பாக்க வேண்டாம்மா. சும்மா இரி."

சித்தி பெட்டியில் இருந்த சேலைகளைப் பார்த்தாள். பிறகு யாரையும் பார்க்காமல், "சரிதான். நடக்கத் தெரியாதவ ரோட்டுல எதுக்கு" என்றாள்.

அவள் அதைக் கோபத்தில் சொல்லியிருந்தால் நான் தப்பித்திருப்பேன். நம்பிச் சொன்னாள். ஐந்து நாளாக எல்லோரும் சொல்லிச் சொல்லி, தானே சொன்ன பொய்யை அவளே நம்பத் தொடங்கியிருந்தாள்.

நான் போனை எடுத்து, அந்தப் படத்தைத் திறந்து, ஜெயபிரியா அக்காவிடம் நீட்டினேன்.

"என்னலே இது?"

"பாருங்கக்கா."

பார்த்தாள். "யாரு இது, நீயா? எதுக்குலே இப்படி இளிச்சிக்கிட்டு நிக்க?"

"ஓரத்துல பாருங்க."

இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கினாள். நகர்த்தினாள். வாளிகள் வந்தன. குடங்கள் வந்தன. சட்டத்தின் கால் வந்தது. அதைச் சுற்றிக்கொண்டு ரோட்டில் இறங்கிய சித்தி வந்தாள். இரண்டு கையிலும் கூடை, தலை மட்டும் மேலே திரும்பி, என் படத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் கொஞ்சம் மங்கலாக ஒரு பைக்.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். முந்தின நாளே கடை கடையாகப் போய்ச் சொன்னதை, வடையை, 'இல்லை' என்று எழுதியதை, நேற்று டேப்பைப் பார்த்ததும் ரோடு ஒதுங்கியதை. சொல்லி முடிக்க இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. ஐந்து நாள் சுமந்தது அவ்வளவுதான் இருந்தது.

"ஒனக்கு எப்பத் தெரியும்?" என்றாள் அக்கா.

"அப்பவே."

"கண்ணாஸ்பத்திரிக்குக் கூட வந்தியே. முன்னாடி உக்காந்து."

"ஆமாக்கா."

"நான் மூளைன்னு சொன்னப்ப, நீ தலைய ஆட்டுனலே."

அது எனக்கு ஞாபகமில்லை. ஆனால் ஆட்டியிருப்பேன்.

அவள் சித்தியிடம் திரும்பினாள். "எம்மா. ஒனக்கு இது தெரியுமா? போர்டுனாலதான் எறங்குனேன்னு?"

"தெரியாம? கண்ணு நல்லாத்தான் தெரிஞ்சிது. இவன் பல்லு வரைக்கும் தெரிஞ்சிது. கடவாய்ப் பல்லுல ஒண்ணு சொத்த."

சித்தப்பாவிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. சிரிப்பா இருமலா என்று சொல்ல முடியாது.

"அப்ப ஏம்மா கண்ணு தெரியலன்ன?"

"பின்ன என்னத்தட்டி சொல்ல? பதினோரு கடைக்குச் சோறு போடுதேன். ஒங்க வாளியாலதான் விழுந்தேன்னு சொல்லிட்டு, மறுநா எந்த மொகத்தோட அங்கன கேரியர கொண்டுபோயி வைப்பேன்? இவன் வேற எதுத்தாப்புல பேயறைஞ்சாப்புல நிக்கான். படிக்கிற புள்ள. என் கண்ணு தெரியலன்னு சொல்லிட்டா யாருக்கும் சங்கடமில்ல, முடிஞ்சி போச்சு."

"எனக்குச் சங்கடமில்லையாம்மா?"

"நீ மூளை வரைக்கும் போவேன்னு நான் என்னத்தக் கண்டேன்."

ஜெயபிரியா அக்கா சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் பெட்டியின் மேல் குனிந்து அழுதாள். சித்தப்பா எழுந்து போய் அவள் தலையில் கை வைத்தார். கை பழக்கத்தில் லேசாக அழுத்தித் தேய்த்தது. "எண்ணெய் இல்லப்பா, விடுங்க" என்றாள் அவள்.

பிறகு நிமிர்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, பெட்டியிலிருந்து நாலு சேலையையும் எடுத்து வெளியே வைத்தாள். ஒரு டிக்கெட்டை ரத்து செய்தாள். அதெல்லாம் முடிந்த பிறகுதான் என்னைப் பார்த்தாள்.

"எழுதுலே. கம்பெனிக்கும் ஒங்க சாருக்கும். இப்ப, என் முன்னாடி. ஒரு வரி விடாம."

எழுதினேன். வாளி, குடம், பொம்மை, புரோட்டாக் கல், என் படம் என்று இடையூறுகளை வரிசையாகப் போட்டேன். அனுப்பிய கொஞ்ச நேரத்தில் சாரிடமிருந்து பதில் வந்தது. மார்க்கெல்லாம் ஏற்றியாகிவிட்டது, இனி ஒன்றும் செய்ய முடியாது, படிக்கிற வேலையைப் பார் என்று இருந்தது. அக்கா அதை வாங்கி வாசித்துவிட்டு, திட்டவில்லை. போனை என் கையில் தராமல் தரையில் வைத்தாள். திட்டியிருக்கலாம்.

நான் எழுந்தேன். "வாறேன் சித்தி" என்றேன், வாசலைப் பார்த்துக்கொண்டு.

"எங்க போற? உக்காரு. சாப்பிடாமப் போனா ஒங்கம்மைக்கு நான் பதில் சொல்லணும்."

"பசிக்கல சித்தி."

"உக்காருலே மூதி."

உட்கார்ந்தேன். அக்கா பரிமாற எழவில்லை. சித்தப்பா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். சித்தி சுவரைப் பிடித்து எழுந்து, அடுக்களைக்குள் போய்த் தட்டை எடுத்து வந்து என் முன்னால் வைத்தாள். சோற்றுப் பானையை உள்ளேயிருந்து காலால் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திக் கொண்டுவந்தாள். கரண்டியை இடது கையில் எடுத்தாள்.

எடுத்தவள் அப்படியே நின்றுவிட்டாள். கட்டுப் போட்ட நாளிலிருந்து சித்தி யாருக்கும் பரிமாறவில்லை, சித்தப்பாவுக்குக்கூட. ஏன் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. எத்தனையோ வருடமாக ஊருக்குச் சோறு போட்டவள், இடது கையால் யாருக்கும் ஒரு பருக்கை வைத்ததில்லை.

"எடது கையின்னு நெனச்சுக்கிடாத பாண்டி" என்றாள். "பொறுத்துக்கோய்யா."

என்னிடம் கேட்டாள்.

நான் தட்டை அவள் பக்கம் தள்ளினேன். கரண்டி பழக்கமில்லாமல் ஆடியது. பாதிச் சோறு தட்டில் விழுந்தது, பாதி தரையில். தரையில் விழுந்ததையும் எடுத்துத் தட்டில் போட்டுக்கொண்டேன். வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை.